புது கம்பைலர் மேல் அக்காவிடம் ஒரு புகார்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து அக்காவுக்கு, உன் தம்பி எழுதுவது.

நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். அத்தானின் முழங்கால் இப்போதாவது சொன்னபடி கேட்கிறதா? இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதினால் பொய்யாகிவிடும். ஏழு மாடி ஏறி இறங்கி என் கால் இரண்டும் என்னுடையவைதானா என்று சந்தேகமாக இருக்கிறது, இடுப்பு தனிக்கதை, உன் தம்பி பெண்டாட்டி என்னோடு பேசி நாலு நாள் ஆகிறது. ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோனில் உன்னிடம் நான் இதுவரை மூன்றாவது வாக்கியத்துக்குப் போனதே இல்லை. முப்பது வருடம் தலைமையாசிரியையாக இருந்தவள் நீ, இரண்டாவது வாக்கியத்திலேயே யார் மேல் தப்பு என்று தீர்ப்புச் சொல்லிவிடுவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் மகள் பாப்பா இரண்டு பெட்டியோடு உன் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். வேலையை விட்டுவிட்டேன் என்பாள். ஏன் என்று கேட்டால் என்னைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்ல மாட்டாள், அதனால்தான் நானே எழுதுகிறேன். அவள் ராஜினாமா மேனேஜர் மேஜையில் இருக்கிறது, திங்கட்கிழமை அவர் கையெழுத்துப் போட்டால் கதை முடிந்தது. இந்த வேலைக்காக அவள் எத்தனை பரீட்சை எழுதினாள், எத்தனை இடத்தில் வெளியே நாற்காலியில் காத்திருந்தாள் என்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும். மூன்று வருடம் முன்பு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "உன்னை நம்பித்தான்டா அனுப்புறேன், பாத்துக்கோ" என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. பார்த்துக்கொள்ளத்தான் செய்தேன். எங்கள் வீட்டில் சாலைப் பக்கம் ஜன்னல் உள்ள அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் பின்னறைக்குப் போனோம். தப்பு என்னுடையதும் இல்லை, அவளுடையதும் இல்லை. எல்லாவற்றையும் கெடுத்தது அந்தப் புது கம்பைலர்.

கம்பைலர் என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அது ஏதோ ஆள் என்று நினைத்துக்கொள்வாய். எங்கள் கட்டடத்து வாட்ச்மேன் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் கம்பெனி லிஃப்டுகளுக்கு மூளை செய்கிற கம்பெனி. அந்த மூளைக்குள் கர்னல் என்று ஒன்று இருக்கிறது. வீட்டில் நீ இருக்கிற மாதிரி: யார் முன்னால் போக வேண்டும், யார் காத்திருக்க வேண்டும், எந்தக் கதவு எப்போது திறக்க வேண்டும், எல்லாம் அதைக் கேட்டுத்தான் நடக்கும், அது படுத்துக்கொண்டால் மொத்த வீடும் படுத்துவிடும். அந்தக் கர்னலை நாங்கள் மனிதர்கள் படிக்கிற மாதிரி எழுதி வைத்திருக்கிறோம். அதை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிற மென்பொருள்தான் கம்பைலர். எங்களிடம் பழைய கம்பைலர் ஒன்று உண்டு. நான் கம்பெனியில் சேர்ந்த அன்றிலிருந்து, பதினெட்டு வருடமாக, கொடுத்ததை மாற்றிக் கொடுத்துவிட்டுத் தன் பாட்டுக்கு இருக்கும், ஒரு சத்தம் கிடையாது. இப்போது புது வெளியீட்டுக் கர்னலுக்கு மாறும் நேரம் வந்தது. மாறுகிறபோதே கம்பைலரையும் மாற்றிவிடலாம் என்று உன் மகள் மீட்டிங்கில் எழுந்து நின்று சொன்னாள். "பழசு நம்ம தப்பை எல்லாம் பேசாம விழுங்கிடுது, புதுசு மூஞ்சிக்கு நேரா சொல்லும்" என்றாள். மேனேஜர் என்னைப் பார்த்தார். எனக்குப் பிடிக்கவில்லைதான், ஆனால் உன் மகள் நாலு பேர் நடுவில் நிற்கும்போது நான் எப்படி வேண்டாம் என்பேன்? சரி என்றேன், ஒரே ஒரு நிபந்தனையோடு. கர்னலைக் கம்பைலரில் போட்டு மாற்றி எடுக்கிற, அதாவது பில்ட் செய்கிற, கம்ப்யூட்டர் மூலை அறையில் இருக்கிறது, அதில் வேறு யாரும் கை வைப்பதில்லை. கீபோர்டில் எழுத்துகள் அழிந்தே போய்விட்டன, எது எங்கே என்று என் விரலுக்கு மட்டும்தான் தெரியும். பில்டை நான்தான் செய்வேன் என்றேன். "உங்க இஷ்டம் மாமா, ஆனா கட்டளை ரெண்டும் கொஞ்சம் வேற மாதிரி அடிக்கணும், நான் பக்கத்துல நிக்கட்டுமா?" என்று கேட்டாள். பக்கத்தில் ஆள் நின்றால் எனக்குக் கை ஓடாது, அது உனக்கே தெரியும்.

முதல் நாள் காலையில் புது கம்பைலரில் கர்னலைப் போட்டேன். நாற்பது நிமிடம். ஒரு பிழை இல்லை, ஒரு எச்சரிக்கை இல்லை, கடைசி வரி வரைக்கும் அமைதியாக ஓடி முடிந்தது. வெளியே வந்து சொன்னேன். உன் மகள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் முகத்தைச் சுருக்கினாள்.

"ஒரு வார்னிங்கூட வரலையா மாமா?"

"வரலை."

"ஆச்சரியமா இருக்கே. நூறாவது வரும்னு நெனச்சேன்."

"பண்ணினது யாரு?" என்றேன். அன்றைக்கு எல்லோருக்கும் மேனேஜர் கேக் வாங்கிக் கொடுத்தார்.

கேக்கோடு நிறுத்தியிருக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருக்கிறது: புதிதாக எதைச் செய்தாலும் முதலில் எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஏற்றிவிடுவோம், அந்த மாற்றத்தைக் கேட்டவர்தான் முதல் ஆளாக அதில் ஏற வேண்டும். இந்த விதியைப் போட்டதே நான்தான், பத்து வருடம் முன்பு. நாங்கள் ஏழாவது மாடி. கீழே நாலாவது மாடியில் ஒரு பல் டாக்டர், ஐந்தாவதில் ஒரு தையற்காரர், மற்றதெல்லாம் ஆபீஸ்கள். பாப்பா ஏறினாள், ஏழை அழுத்தினாள், ஏழுக்கு வந்தாள், எல்லோரும் கை தட்டினோம். மறுநாளிலிருந்து பிடித்தது சனியன். எந்த எண்ணை அழுத்தினாலும் லிஃப்ட் நாலாவது மாடியில் போய் நின்று, கதவைத் திறந்து, யாராவது இறங்கினால்தான் நகர்வேன் என்று அடம் பிடித்தது. பல் டாக்டருக்கு இரண்டு நாள் ஒரே கூட்டம். வந்தவர்களில் நாலைந்து பேர், வந்ததுதான் வந்தோம் என்று பல்லைக் காட்டிவிட்டே போனார்கள், எங்கள் கணக்குப் பிரிவு அம்மா உட்பட. நான் மறுபடி பில்ட் செய்தேன், மறுபடி ஏற்றினேன். இப்போது நாலாவது மாடியை விட்டது, கதவைப் பிடித்துக்கொண்டது. மூடும், யோசிக்கும், திறக்கும், மறுபடி மூடும். தையற்காரரின் துணிமூட்டை பாதி உள்ளே பாதி வெளியே மாட்டிக்கொண்டு பதினொரு முறை கடிபட்டது, அவர் அங்கேயே நின்று எண்ணியிருக்கிறார். "என்ன சார் ஆச்சு?" என்று கேட்டவரிடம், புது கம்பைலர் இன்னும் பழகவில்லை என்று விளக்கினேன். "ஒரு நாள் அவரைக் கடைப் பக்கம் கூட்டிட்டு வாங்க சார், நான் பேசிக்கறேன்" என்றார்.

வாட்ச்மேன் வேலையை இன்னும் சுலபமாக்கிக்கொண்டார். வருகிறவர்களிடம் எல்லாம், "கம்பைலர் சரியில்ல, படியில போங்க" என்று சொல்லத் தொடங்கினார். குழாயில் தண்ணீர் வராதபோதும் அதையே சொன்னார். மூன்றாவது மாடியில் ஒரு மின்விசிறி கீழே விழுந்ததற்கும் கம்பைலர்தான் என்று பேச்சு. ஒரு வாரத்தில் அந்தக் கட்டடத்தில் நூற்றி ஐம்பது பேர் கம்பைலரைத் திட்டினார்கள், அதைத் திட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு உன் மகளை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு படியேறிப் போவாள். எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

இப்படியே எட்டு முறை ஆகி, ஒன்பதாவது முறை பில்ட் செய்து ஏற்றியபோது, வழக்கப்படி பாப்பா ஏறினாள். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றுவிட்டது. ஒரு மணி பத்து நிமிடம் அக்கா. நான் மூன்றாவது மாடிக் கதவில் வாயை வைத்துக்கொண்டு கத்தினேன்.

"பாப்பா, பயப்படாதே!"

"நான் பயப்படலை மாமா. ஒண்ணு மட்டும் கேக்கணும். எந்தக் கம்பைலர்ல பில்ட் பண்ணீங்க?"

"இது என்ன கேள்வி? புதுசுலதான்."

"நிச்சயமா?"

படியில் வாட்ச்மேன் நிற்கிறார், தையற்காரர் நிற்கிறார், பல் டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்து நிற்கிறார், அவர் பின்னால் மரத்துப்போன கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நோயாளி. அத்தனை பேர் முன்னால் என் அக்கா மகள் என்னைக் கேட்கிறாள், நிச்சயமா என்று. "பதினெட்டு வருஷமா இதே வேலைதான் பாக்குறேன், என்கிட்டயா கேக்குற?" என்றேன்.  "சரி மாமா" என்றாள் உள்ளேயிருந்து.

வெளியே எடுத்த பிறகு மூலை அறை வாசலில் வந்து நின்று, "ஒரே ஒரு தடவை நான் பில்ட் பண்ணிப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். முடியாது என்றேன். கோபத்தில் இல்லை, அக்கா. களைத்துப்போயிருந்தேன். ஒன்பது முறை பில்ட் செய்திருக்கிறேன், ஒன்பதும் சுத்தமாக முடிந்தது, ஒன்பதும் லிஃப்டில் போய் மானத்தை வாங்கியது. என் வயதில் ஒருவனுக்கு இதற்கு மேல் என்ன தெம்பு இருக்கும்? வீட்டுக்கு வந்து உன் தம்பி பெண்டாட்டியிடம் சொன்னால், "அந்தப் பொண்ணு சொல்றதை ஒரு தடவை கேட்டா உங்க தலை ஒண்ணும் கழண்டு விழுந்துடாது" என்றாள். கம்பைலர் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். அன்றைக்கு நிறுத்தியதுதான் பேச்சு, சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு டிவியைப் பார்க்கப் போய்விடுகிறாள்.

செவ்வாய்க்கிழமை எல்லாம் முடிந்தது. மேனேஜர் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்காரரை, நாற்பது லிஃப்ட் வாங்குகிறேன் என்று வந்தவரை, மேலே கூட்டிக்கொண்டு வந்தார். படியில் வாருங்கள் என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன். வந்தவருக்கு மூட்டு வலியாம், லிஃப்டிலேயே ஏறிவிட்டார்கள். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் முக்கால் மணி நேரம். வெளியே வந்த ஆஸ்பத்திரிக்காரர் கடைசி வரைக்கும் சிரித்துக்கொண்டேதான் இருந்தார், அதுதான் இன்னும் மோசம். மேனேஜர் நேராக என் மேஜைக்கு வந்தார். "காரணம் என்னன்னு மத்தியானத்துக்குள்ள எழுத்துல வேணும். நீங்க என்ன எழுதுறீங்களோ அதுதான் முடிவு" என்றார்.

எழுதினேன். நாலு பக்கம். பாப்பா பெயரை ஒரு இடத்தில்கூட எழுதவில்லை, வேண்டுமானால் அவளிடம் இருக்கிற நகலை அத்தானைச் சரிபார்க்கச் சொல். 'புதிய கம்பைலர் நமது கர்னலுக்குப் பொருந்தாது. போதிய அனுபவம் இன்றி முன்மொழியப்பட்டது' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முன்மொழிந்தது யார் என்று கட்டடத்துக்கே தெரியும், நான் என்ன செய்ய? அவளுக்கும் ஒரு நகல் போனது. நின்றபடியே நாலு பக்கத்தையும் படித்தாள், நிதானமாக, உன்னை மாதிரியே. படித்துவிட்டு இரண்டு வரியில் ராஜினாமாவை எழுதிக் கொடுத்தாள். சாயங்காலம் வீட்டில் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள், தண்ணீர் வேண்டுமா மாமா என்று கேட்டாள், எழுந்து போய்ப் பெட்டியை அடுக்கினாள். ஒரு சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆகவே அக்கா, நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். அவள் வந்ததும் உடனே கேள்வி கேட்காதே. நாலு நாள் தூங்கட்டும். பிறகு மெதுவாகப் புரிய வை: திறமை வேறு, அனுபவம் வேறு, இந்த வேலை கொஞ்சம் கரடுமுரடானது, கைப் பழக்கம் வர வருடக்கணக்காகும், அவளுக்கு அமைதியான வேலை ஏதாவது பார்க்கலாம். உன் பழைய பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுவதாகச் சொன்னாயே, அதற்கு அவள் பொருத்தமாக இருப்பாள். அனுபவசாலி சொன்னால் கேட்க வேண்டும் என்பதையும் சந்தர்ப்பம் பார்த்து ஒரு வார்த்தை சொல்லி வை. நான் சொன்னதாகச் சொல்லாதே.

அத்தானுக்கு என் வணக்கம், முழங்காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல். பாப்பா எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், அவளுக்கு என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. உன் கால்களைத் தொட்டு வணங்கி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன்மேல் உயிரையே வைத்திருக்கும் தம்பி.

பின்குறிப்பு:

கையெழுத்து கோணலாக இருக்கும், பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே உள்ளதை வியாழக்கிழமை எழுதி உறையில் போட்டு ஒட்டி, சட்டைப்பையில் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலை பாப்பா பஸ் ஏறிய பிறகு, கடிதத்தைக் கூரியரில் போடும் முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. அதே புது கர்னலைப் பழைய கம்பைலரில் பில்ட் செய்து லிஃப்டில் ஏற்றச் சொல்லியிருந்தார் மேனேஜர். ஏற்றினேன். இந்த முறை மாற்றத்தைக் கேட்டது நான், ஆகவே விதிப்படி நானே ஏறினேன். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றுவிட்டது.

பழைய கம்பைலரில், அக்கா. என்னுடைய கம்பைலரில்.

ஐம்பது நிமிடம் உள்ளே இருந்தேன். செய்ய வேறு ஒன்றும் இல்லாததால் பட்டன் பலகையைக் கழற்றி, அதற்குள் இருக்கிற சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை கர்னல் கண் விழிக்கும்போதும், தன்னை மாற்றிக் கொடுத்த கம்பைலர் எது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடும். அந்த வரியைப் பதினெட்டு வருடத்தில் நான் ஒரு நாளும் படித்ததில்லை, படிக்க என்ன இருக்கிறது, இருப்பதே ஒரு கம்பைலர்தானே. பழைய பதிவுகளையும் புரட்டினேன். ஒன்பது பில்ட், ஒன்பதிலும் பழைய கம்பைலர் பெயர். நூற்றி ஐம்பது பேர் திட்டிய அந்தப் புது கம்பைலர் எங்கள் கட்டடத்துக்குள் இன்னும் காலடியே வைக்கவில்லை. இரண்டு கட்டளை கொடுக்க வேண்டும், இரண்டிலும் புது கம்பைலரின் பெயரைச் சொல்ல வேண்டும். முதல் கட்டளையில் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். இரண்டாவதை என் விரல்கள் பதினெட்டு வருடமாக அடித்தபடியே அடித்துவிட்டன, ஒன்பது முறையும். பெயர் சொல்லாவிட்டால் அது பேசாமல் பழையதை எடுத்துக்கொள்ளும்.

வெளியே வந்ததும் மூலை அறைக்குப் போய் இரண்டு கட்டளையிலும் பெயரைச் சொல்லி ஒழுங்காக பில்ட் செய்தேன். மூன்று நிமிடம்கூட ஓடவில்லை. புது கம்பைலர் அங்கேயே நிறுத்திவிட்டு, லிஃப்ட் கதவைக் கவனிக்கிற பகுதியில் ஒரு வரியைக் காட்டியது: இந்த இடத்தில் ஒரு மதிப்பும் வைக்காமலேயே எடுத்துப் பயன்படுத்துகிறாய் என்றது. எழுதியவர் பெயர் பக்கத்திலேயே இருந்தது. நான்தான், வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். பழைய கர்னலில் அந்தத் தப்பு அதிர்ஷ்டத்தில் மறைந்தே கிடந்திருக்கிறது, புது கர்னலில் வெளியே வந்துவிட்டது. அவள் மீட்டிங்கில் சொன்னாள் இல்லையா, மூஞ்சிக்கு நேரா சொல்லும் என்று? சொன்னது.

மேனேஜரிடம் போய் என் ரிப்போர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அரைப் பக்கத்தில் வேறு ஒன்று எழுதிக் கொடுத்தேன். "ராஜினாமாவைக் கிழிச்சுடுங்க" என்றேன். "அது அவ கொடுத்தது. அவ வந்து கேட்டா கிழிக்கிறேன், உங்களுக்காக இல்ல" என்றார். நியாயம்தான். வீட்டில் சொன்னபோது உன் தம்பி பெண்டாட்டி பையில் ஒரு சட்டையை வைத்து என் கையில் கொடுத்துவிட்டாள். பாப்பா ஃபோனை எடுக்கவில்லை, நானாக இருந்தாலும் எடுக்க மாட்டேன்.

மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். கிழிக்கவில்லை. நான் எவ்வளவு நிச்சயமாக இருந்தேன் என்பதை அவள் படிக்க வேண்டும், பள்ளிக்கூட வேலைக்கு அனுப்பச் சொன்னது வரைக்கும். நீ இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உன் எதிரில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பது நான்தான். முடித்ததும் இதை அவள் கையில் கொடு, அவள் படிக்கட்டும், பிறகு அவளைக் கூப்பிடு. திரும்பி வா என்று நான் கேட்கப் போவதில்லை, அதைக் கேட்கிற உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன். தப்பு என்னுடையது, நீ சொன்னது சரி என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் வந்திருக்கிறேன். அழாமல் சொல்ல முடியுமா என்றுதான் தெரியவில்லை, அக்கா.